ஒரு பூச்சிக்கு ஓர் ஒட்டுண்ணியா? – வாசகர் கேள்வி பதில்

பூச்சிகளின் உடலுக்குள் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தோம். "இவற்றில் பல, தமக்குரிய பூச்சியை விட்டு வேறொன்றில் வாழ்வதில்லை" என்று அதில் இருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்துள்ளன. தேனீப் பெட்டி வைத்திருப்பவரும் பட்டுப்புழு வளர்ப்பவரும் கல்லூரி மாணவியும் அவரவர் தேவையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அடிப்படையில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அந்த வரியை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்த இதழை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கரப்பான்பூச்சியின் நடுக்குடலைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒன்றின் பின் ஒன்றாக இரண்டிரண்டாய் ஒட்டிக்கொண்டு நகரும் வெண்ணிற உயிரிகளைக் கண்டோம். கிரிகரைன் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி என்று பேராசிரியர் சொன்னார். வீட்டில் எத்தனையோ பூச்சிகள் இருக்க, இது கரப்பானை மட்டும் ஏன் தேடிப் போகிறது? – விலங்கியல் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: நீங்கள் கண்டது பலருக்கு எளிதில் வாய்க்காத காட்சி. அடுத்த முறை பார்க்கும்போது, நீர்த்த உப்புக் கரைசலில் ஒரு சொட்டை மட்டும் எடுத்து, முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்துச் சற்றுப் பொறுமையாகக் கவனியுங்கள். ஒவ்வோர் உயிரியின் உடலிலும் குறுக்கே ஒரு தடுப்பு தெரியும். தடுப்புக்கு முன்னால் சிறு பகுதியும் பின்னால் நீண்ட பகுதியும் இருக்கும். உட்கரு எப்போதும் பின்பகுதியில்தான் காணப்படும். சேமிப்பு உணவு மணிமணியாக நிறைந்திருப்பதால்தான் உடல் வெண்மையாக, ஒளி ஊடுருவாமல் தெரிகிறது. நகர உதவும் குறுயிழையோ கசையிழையோ போலிக்காலோ எதுவும் இல்லாமல், உடலை வளைக்கவும் செய்யாமல், கண்ணாடித் தகட்டின் மேல் அது வழுக்கிக்கொண்டு போவதைக் காணலாம். உடற்பரப்பில் நீளவாக்கில் ஓடும் மிக நுண்ணிய மடிப்புகளுக்கும் இந்த நகர்வுக்கும் தொடர்பு உண்டு. இரண்டு ஒட்டியிருப்பது இனப்பெருக்கத்தின் தொடக்கம். பின்னர் அவ்விரண்டும் உருண்டு திரண்டு, ஒரே உறைக்குள் அடங்கி, பாலணுக்களை உண்டாக்கும். அந்த உறை பூச்சியின் எச்சத்தோடு வெளியேறும்.

உங்கள் கேள்விக்கான விடையும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. கிரிகரைன் எதையும் தேடிப் போவதில்லை. வெளியே இருக்கும் காலத்தில் அதனால் அசையவே முடியாது. எச்சத்தோடு விழுந்த உறையிலிருந்து வெளிப்படும், அடுத்த தலைமுறையை உள்ளடக்கிய நுண்ணிய வித்துறைகள் தரையிலும் உணவிலும் கிடக்கும். அவற்றைக் கரப்பானும் விழுங்கும், எறும்பும் விழுங்கும், அரிசியிலுள்ள வண்டும் விழுங்கும். தேர்வு நடப்பது விழுங்கிய பிறகுதான். வித்துறையின் சுவர் சரியான செரிமான நீர் பட்டால்தான் திறக்கும். திறந்தபின் வெளிவரும் நுண்ணுயிர், குடலின் உட்சுவரிலுள்ள ஒரு செல்லைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றியபின் உணவோடு அடித்துச் செல்லப்படாமல் வளர்ந்து, அந்தப் பூச்சி தோலுரிப்பதற்குள்ளோ இறப்பதற்குள்ளோ இணை சேர்ந்து உறையை உண்டாக்கி முடிக்க வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒரு படி தவறினாலும், அந்தப் பூச்சி அதற்குரிய விருந்தோம்பி, அதாவது அது தங்கி வாழ இடம் தரும் உயிர், ஆகாது.

ஆய்வாளர்கள் இதை இரண்டு தடைகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஒட்டுண்ணியும் பூச்சியும் ஒன்றையொன்று சந்திக்க வாய்ப்பே இல்லாமல் போவது ஒரு தடை. சந்தித்தும் பொருந்தாமல் போவது மற்றொன்று. பிசான நெல் வயலின் வரப்பில் திரியும் வெட்டுக்கிளியின் கிரிகரைன் உங்கள் சமையலறைக் கரப்பானிடம் இல்லை என்றால், அது எந்தத் தடையால் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. வித்துறைகளைச் சேகரித்து, தொற்றில்லாமல் வளர்த்த வேறு பூச்சிகளுக்கு ஊட்டிப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலான கிரிகரைன் இனங்களுக்கு இந்தச் சோதனை செய்யப்படவே இல்லை என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். "இந்தப் பூச்சிக்கு மட்டுமே உரியது" என்று நூல்களில் வருவதைப் பல இடங்களில் "இந்தப் பூச்சியில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள்" என்று திருத்திப் படிப்பது நல்லது.

சோதனை செய்யப்பட்ட ஓர் இடம் உண்டு; அதன் முடிவு பலரை வியக்க வைத்தது. கூண்டுப் பறவைகளுக்கும் அலங்கார மீன்களுக்கும் தீனியாக விற்கப்படும் மாவுப்புழுவை நீங்கள் பார்த்திருக்கலாம். அது டெனிபிரியோ மோலிட்டர் என்ற வண்டின் புழுப்பருவம். அந்தப் புழுவின் குடலில் மூன்று கிரிகரைன் இனங்கள் வாழ்கின்றன. வளர்ந்த வண்டின் குடலில் நான்காவதாக வேறோர் இனம் வாழ்கிறது. இந்த நான்காவதைத் தனி இனமாக விவரித்தது 1991இல்தான். புழுவுக்குரியதை வண்டுக்கும், வண்டுக்குரியதைப் புழுவுக்கும் மாற்றி ஊட்டிப் பார்த்தபோது தொற்று ஏற்படவில்லை. ஒரே விலங்கு, ஒரே மாவு, ஒரே டப்பா. ஆனாலும் பருவம் மாறியதும் ஒட்டுண்ணியும் மாறிவிடுகிறது. கூட்டுப்புழுப் பருவத்தில் குடலின் உட்சுவர் முழுவதும் களையப்பட்டுப் புதிதாக உருவாகிறது என்பதை இதோடு சேர்த்து யோசித்தால், கிரிகரைன் பொருந்துவது பூச்சியின் இனப்பெயரோடு அன்று, ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும் குடலோடு என்பது விளங்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் கண்டது கிரிகரைனா பிளாட்டாரம் என்ற இனமாக இருக்க வாய்ப்பு மிகுதி. அது வீட்டுக் கரப்பான்கள் பலவற்றில் பதிவாகியிருக்கிறது. ஒரே கரப்பான் இனத்தோடு அது நிற்பதில்லை.

கேள்வி: கடையம் பக்கம் தோப்பில் அடுக்குத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோப்புக்காரர் இத்தாலியத் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கப் போகிறார். "அது வேறு தேனீ, இது வேறு தேனீ, அதன் நோய் இதற்கு வராது" என்கிறார் அவர். நம்பலாமா ஐயா? – தென்காசி மாவட்ட விவசாயி

பதில்: நம்ப வேண்டாம். தேனீக்களின் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளில் உலகம் முழுவதும் பெரிதாகப் பேசப்பட்ட ஒன்று, அவர் சொல்லும் விதியை மீறியதால்தான் அவ்வளவு பெயர் பெற்றது.

நோசிமா என்ற நுண்ணுயிரியைத் தேனீ வளர்ப்போர் அறிந்திருப்பார்கள். மைக்ரோஸ்போரிடியா என்னும் கூட்டத்தைச் சேர்ந்த இதை முன்பு புரோட்டோசோவாக்களோடு வைத்திருந்தார்கள். இப்போது பூஞ்சைகளுக்கு நெருங்கிய உறவாகக் கொள்கிறார்கள். இத்தாலியத் தேனீக்கு நோசிமா ஏபிஸ் என்ற இனம் உரியதென்று 1909 முதல் தெரியும். 1996இல் சீனாவில், நம்முடைய அடுக்குத் தேனீயின் இனமான ஏபிஸ் செரானாவிலிருந்து இன்னொரு நோசிமா விவரிக்கப்பட்டு, அந்தத் தேனீயின் பெயராலேயே நோசிமா செரானே என்று அழைக்கப்பட்டது. ஆளுக்கொன்று என்று கணக்கு நேராகத்தான் இருந்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள், தைவானிலும் ஸ்பெயினிலும் இத்தாலியத் தேனீயின் குடலிலேயே நோசிமா செரானே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு, ஆய்வகங்களில் பாதுகாத்து வைத்திருந்த பழைய தேனீ மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 1990களிலேயே அது பிற கண்டங்களுக்குப் பரவிவிட்டிருந்தது தெரியவந்தது. இன்றைக்கு இத்தாலியத் தேனீ வளர்க்கப்படும் நாடுகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது; பம்பிள் தேனீக்களிலும் காணப்பட்டிருக்கிறது.

அது ஏன் தாண்டியது என்பதற்கு ஒரே காரணம் சொல்வது கடினம். ஆனால் நான் முன் பதிலில் சொன்ன இரண்டு தடைகளை இங்கே பொருத்திப் பாருங்கள். ஆசியத் தேனீயான நம் அடுக்குத் தேனீயும் ஐரோப்பியத் தேனீயான இத்தாலியத் தேனீயும் நெருங்கிய உறவினர். குடலின் அமைப்பில் பெரிய வேறுபாடு கிடையாது. பொருந்துதல் என்ற தடை தொடக்கத்திலிருந்தே தாழ்வாக இருந்திருக்க வேண்டும். அவற்றைப் பிரித்து வைத்திருந்தது பெரும்பாலும் கண்டங்களுக்கு இடையிலான தூரம். பெட்டியைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிய நாளிலேயே அந்தத் தூரம் இல்லாமல் போய்விட்டது. உங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் லாரியில் ஏற்றி வருவதும் அதே வேலையைத்தான் சிறிய அளவில் செய்கிறது.

நோசிமா தொற்றும் முறையைத் தெரிந்துகொண்டால், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே புலப்படும். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கே நீளமுள்ள ஸ்போர் என்னும் வித்து, தேனீயின் வாய் வழியே நடுக்குடலுக்குள் போகிறது. ஸ்போருக்குள் ஒரு நீண்ட நுண்குழல் சுருண்டு கிடக்கும். நடுக்குடலை அடைந்ததும் அது நொடிப்பொழுதில் வெளியே பாய்ந்து, குடல் செல்லின் சுவரைத் துளைத்து, ஸ்போரின் உயிர்ப்பொருளை நேராக உள்ளே செலுத்திவிடுகிறது. செல்லுக்குள் பெருகிய புதிய ஸ்போர்கள் எச்சத்தோடு வெளியேறுகின்றன. குற்றாலச் சாரல் அடிக்கும் நாள்களில் தேனீக்கள் வெளியே போகாமல் அடைந்து கிடக்கும்போது எச்சம் பெட்டிக்குள்ளேயே விழவும், அதைச் சுத்தம் செய்யும் வேலைக்காரத் தேனீக்கள் ஸ்போர்களை விழுங்கவும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு பெட்டியின் பழைய அடையை இன்னொன்றில் செருகுவது, சர்க்கரைப்பாகு வைக்கும் பாத்திரத்தைப் பொதுவாகப் பயன்படுத்துவது, வலுவிழந்த கூட்டத்தின் தேனை வலுவான கூட்டம் கொள்ளையிட விடுவது ஆகிய மூன்றும் தவிர்க்கத்தக்கவை. இரு தோப்புகளுக்கும் கருவிகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்து இந்த நோயை உறுதி செய்ய முடியாது; சில தேனீக்களின் வயிற்றைத் தண்ணீரில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் நீள்வட்ட ஸ்போர்கள் தெரியும். உங்கள் பகுதி வேளாண் கல்லூரி அல்லது தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் மாதிரியைக் கொடுத்துக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தென் மாவட்டங்களின் அடுக்குத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன தாய் (தாய்லாந்து) சாக்புரூட் நோயைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வைரஸ், இளம்புழுவைத் தாக்குவது. நோசிமா வளர்ந்த தேனீயின் குடலைத் தாக்குவது. ஒன்றுக்குச் செய்யும் காரியம் மற்றதற்குப் பயன்படாது.

கேள்வி: டெங்கு கொசுவை மட்டும் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி உண்டு என்று படித்தேன். அதைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் மருந்து தெளிக்காமலே கொசு ஒழியுமே? – இல்லத்தரசி, மேலப்பாளையம்

பதில்: நீங்கள் படித்தது அஸ்கோகிரிகரைனா குலிசிஸ் பற்றியதாக இருக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவில் வாழும் கிரிகரைன் அது. 1898இல் அதை விவரித்தவர், மலேரியா கொசுவின் வழியே பரவுவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ். கொசுப்புழு தண்ணீரில் வித்துறையை விழுங்குகிறது. ஒட்டுண்ணி முதலில் குடல் செல்லுக்குள் வளர்ந்து, புழு கூட்டுப்புழுவாகும் வேளையில் கழிவு நீக்கும் மால்பிஜியன் குழாய்களுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே இணை சேர்ந்து வித்துறைகளை உண்டாக்குகிறது. வளர்ந்த கொசு தண்ணீருக்கு வரும்போது வித்துறைகளும் கூடவே வருகின்றன. இதே ஊரில், இதே பழைய டயரில் புழு விடும் இன்னொரு கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸில் வாழ்வது வேறோர் இனம். ஒன்றுக்குரியதை மற்றதற்கு ஆய்வகத்தில் கொடுத்தால் சில நேரம் தொற்றும். ஆனால் அதன்பின் வளர்ச்சி தடுமாறும். ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் கொசுக்களிடையே இந்த வேறுபாடு நிலைத்திருப்பதால், இங்கே வேலை செய்வது சந்திப்புத் தடையன்று, பொருந்துதல் தடையே என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் உங்கள் நோக்கத்துக்கு அது உதவாது. தனக்குரிய கொசுவை அஸ்கோகிரிகரைனா பெரிதாகத் துன்புறுத்துவதில்லை. இந்த விருந்தோம்பியை மட்டுமே நம்பி வாழும் உயிரி அதை மொத்தமாகக் கொன்றுவிட்டால் தனக்கே இடமில்லாமல் போகும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

கேள்வி: பனைக்கும் தென்னைக்கும் காண்டாமிருக வண்டு பெரும் தொல்லையாக இருக்கிறது. அதற்கென்றே உரிய ஒட்டுண்ணியை மருந்தாக விற்கக் கூடாதா? – உடன்குடி வாசகர்

பதில்: ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளில் கடைக்கு வந்து நன்கு அறியப்பட்டது ஒன்றே ஒன்று: வெட்டுக்கிளிகளைத் தாக்கும் நோசிமா லோகஸ்டே. அமெரிக்காவில் 1980இல் பதிவு பெற்று, கோதுமைத் தவிட்டில் கலந்து வயலில் தூவ விற்கப்பட்டது. அதற்கு அந்த வாய்ப்புக் கிடைத்த காரணமே, நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டுக்கிளி, சில்வண்டு இனங்களைத் தொற்றக்கூடிய அதன் தாராளம்தான். ஒரே பூச்சியைத் தாக்குவது சூழலுக்கு நல்லது. ஆனால் உயிருள்ள பூச்சிக்குள் மட்டுமே வளர்த்தெடுக்க வேண்டிய ஒன்றை ஒரே பூச்சிக்காகத் தயாரித்து விற்பது வணிகருக்குக் கட்டுபடியாவதில்லை. உங்களுக்கு எருக்குழியில் விடும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சையும் இனக்கவர்ச்சிப் பொறியும் இருக்கின்றன. குழியை அவ்வப்போது கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிப்பதும் பழைய முறைதான், இன்னும் பலனளிக்கிறது.

கேள்வி: பட்டுப்புழுவுக்கு வரும் பெப்ரின் நோய் முட்டை வழியாக மட்டுமே வரும் என்று நினைத்திருந்தோம். நோயற்ற முட்டைத் தொகுதி வாங்கியும் ஒருவர் வீட்டில் வந்துவிட்டது. வெளிப் பூச்சிகளிடமிருந்தும் வருமா? – பட்டு விவசாயி, தென்காசி

பதில்: வரும். பெப்ரினுக்குக் காரணமான நோசிமா பாம்பிசிஸ், தாய் அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே புகுந்து அடுத்த தலைமுறைக்குப் போகக்கூடியது. லூயி பாஸ்டர் 1865 முதல் சில ஆண்டுகள் பிரான்சின் தென்பகுதியில் தங்கி ஆராய்ந்து கண்ட வழி, முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, ஸ்போர் தெரிந்தால் அதன் முட்டைகளை அழித்துவிடுவது. இன்றைக்கும் வித்து உற்பத்தி நிலையங்கள் இந்தத் தாய்ப் பரிசோதனையின் மேல்தான் நிற்கின்றன. நீங்கள் வாங்கிய முட்டைத் தொகுதி அந்தத் தேர்வில் தேறியது.

ஆனால் நோய் புழுவின் வாய் வழியாகவும் நுழையும். இந்த இனம் பட்டுப்புழுவை மட்டுமே நம்பியிருப்பதன்று. வேறு சில அந்துப்பூச்சிகளின் புழுக்களையும் தொற்றும். அதற்கு எதிர்த்திசையிலும் வழி திறந்திருக்கிறது: மல்பெரித் தோட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் இலை தின்னும் பிற புழுக்களிலிருந்து எடுத்த மைக்ரோஸ்போரிடியா பட்டுப்புழுவைத் தொற்றியதை இந்தியாவில் நடந்த ஆய்வுகளே காட்டியுள்ளன. இலைச் சுருட்டுப்புழு அதிகமாக விழுந்த தோட்டத்தின் இலையை, எச்சம் படிந்த நிலையில் அப்படியே தட்டில் போடுவது ஆபத்து. அதிலும் இளம்புழுப் பருவத்தில் தொற்று உள்ளே நுழைந்தால், புழுக்கள் ஒரே சீராக வளராமல் சிறிதும் பெரிதுமாகப் பிரியும். சில புழுக்களின் தோலில் மிளகுப்பொடி தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரியும். அந்த நிலையில் மருந்து தேட வேண்டாம். அந்தத் தொகுதியை எரித்துவிட்டு, வளர்ப்பு மனையையும் தட்டுகளையும் கிருமிநீக்கம் செய்து, அடுத்த தொகுதிக்குப் போவதுதான் நட்டத்தைக் குறைக்கும். மனையின் எச்சத்தையும் மிச்ச இலையையும் மல்பெரி வரிசையிலேயே நேரடியாக உரமாகக் கொட்டும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. நன்கு மக்கச் செய்யாமல் அப்படிக் கொட்டினால், ஸ்போர் மறுபடி இலைக்கே வந்து சேரும்.

கேள்வி: கரப்பான்பூச்சியின் குடலில் இருக்கும் ஒட்டுண்ணி மனிதனின் நுரையீரலில் கண்டுபிடிக்கப்பட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. பூச்சியின் ஒட்டுண்ணி மனிதனுக்கு வராது என்பது பொய்யா? – ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: அந்தச் செய்தியில் வருவது லோஃபோமோனாஸ் பிளாட்டாரம். கரப்பானின் பின்குடலில் வாழும், முன்முனையில் கசையிழைக் கற்றை கொண்ட உயிரி. மனித நுரையீரல் திரவத்தில் அதைக் கண்டதாகச் சீனாவிலிருந்து அதிகமாகவும் வேறு நாடுகளிலிருந்தும் அறிக்கைகள் வந்துள்ளன. அவற்றின் படங்களை உன்னிப்பாகப் பார்த்த நுண்ணோக்கி வல்லுநர்கள், பெரும்பாலானவை ஒட்டுண்ணியே அல்ல என்கிறார்கள். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் குறுயிழை கொண்ட செல்கள் உண்டு. நோயின்போது அவை உதிர்ந்து சளியில் மிதக்கும், சில நேரம் இழைகள் அசைந்துகொண்டும் இருக்கும். அந்தச் செல்லில் இழைகள் ஒரே சீராக, ஒரு தடித்த கோட்டின் மேல் வரிசையாக நட்டிருக்கும். லோஃபோமோனாஸில் அந்தக் கோடு கிடையாது, இழைகளும் ஒழுங்கின்றி நீளும். என் எண்ணம் வல்லுநர்கள் பக்கமே சாய்கிறது. ஆனாலும் வீட்டில் யாருக்கேனும் இந்தப் பெயரில் அறிக்கை கொடுக்கப்பட்டிருந்தால், முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர். இந்தப் பத்தி அன்று.

"வராது" என்பதை முற்றாகச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேறிடத்தில் இருக்கிறது. கரிசல் நிலத்தில் பருத்தி போட்டவர்களுக்குச் சிவப்பு நாவாய்ப்பூச்சியைத் தெரியும். அதன் அமெரிக்க உறவுப் பூச்சி ஒன்றிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட கசையிழை ஒட்டுண்ணி, லெப்டோமோனாஸ் சீமூரி. பூச்சிக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட இந்த உயிரி, இந்தியாவில் காலா அசார் நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளில், அந்த நோய்க்குக் காரணமான லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியோடு சேர்ந்து காணப்பட்டது. மணல் ஈ கடிக்கும்போது இரண்டும் ஒன்றாக உள்ளே போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். லீஷ்மேனியாவால் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் குலைந்த உடலில் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. நலமான உடலில் அது தானாக நோய் உண்டாக்கும் என்று இதிலிருந்து கொள்ளக் கூடாது. வட இந்தியச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிடவும் வேண்டாம். பொதிகை மலைக்கு மேற்கே, திருவனந்தபுரம் மாவட்டத்தின் காணிப் பழங்குடி மக்களிடம் லீஷ்மேனியா தோல்நோய் பதிவாகியிருக்கிறது.

இந்தக் கசையிழை ஒட்டுண்ணிகளின் வரலாறே நம் கேள்விக்கு ஒரு பாடம்தான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம், புதிய பூச்சியில் கண்டால் புதிய இனம் என்று பெயரிட்டுக்கொண்டே போனார்கள். மரபணு வரிசையைப் படிக்கத் தொடங்கிய பிறகு, பல பெயர்கள் ஒன்றிலேயே அடங்கின. பல பூச்சிகளில் ஒரே இனம் வாழ்வது தெரிந்தது. மாறாக, ஒரே பெயரில் இரண்டு ஒளிந்திருந்த இடமும் உண்டு. தேனீயில் கிரிதிடியா மெலிஃபிசே என்று அழைத்துவந்தவற்றில் பெரும்பகுதி வேறோர் உயிரி என்று கண்டு, 2015இல் அதற்கு லோட்மேரியா பாசிம் என்று பெயர் வைத்தார்கள்.

கேள்வி: கறையான் மரத்தைச் செரிப்பதே அதன் குடலிலுள்ள ஒற்றைச் செல் உயிரிகளால்தான் என்று பாடத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் புற்றிலுள்ள கறையானிலும் பார்க்கலாமா? – பத்தாம் வகுப்பு மாணவன், நாங்குநேரி

பதில்: பார்க்க முடியாது தம்பி. பாடத்தில் சொல்லியிருப்பது காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கறையான்களுக்கும், கட்டட மரங்களைத் தின்னும் காப்டோடெர்மிஸ் போன்றவற்றுக்கும் பொருந்தும். அவற்றின் பின்குடலில் கசையிழை உயிரிகள் நெருக்கியடித்து வாழ்கின்றன. அவை ஒட்டுண்ணிகள் அல்ல, கூட்டாளிகள். ஒரு கறையானின் பின்வாயிலிருந்து இன்னொன்று நேராக வாய்வழி வாங்கிக்கொள்வதால், வெளியாருக்கு அவை கிடைப்பதில்லை. குடும்பச் சொத்தாகவே தலைமுறை தலைமுறையாக இறங்குகின்றன. அதனால்தான் ஒவ்வொரு கறையான் இனத்துக்கும் தனக்கென ஒரு கூட்டம் அமைந்துவிடுகிறது.

உங்கள் ஊர்ச் செம்மண் தேரியிலும் பனங்காட்டிலும் புற்று எழுப்புவது பெரும்பாலும் ஓடோன்டோடெர்மிஸ் என்ற வகை. அவற்றின் குடலில் இந்த உயிரிகள் இல்லை. புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வைத்து, அந்தப் பூஞ்சையின் துணையால் இலைதழைகளையும் மரத்துண்டுகளையும் செரிக்கின்றன. மழை பெய்த சில நாள்களில் புற்றின் மேல் முளைக்கும், உங்கள் வீட்டில் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்துதான் வருகிறது. கசையிழை உயிரிகளைத்தான் பார்க்க வேண்டும் என்றால், பழைய கட்டிலிலோ கதவு நிலையிலோ இருந்து மரத்துகளை மணிமணியாகத் தள்ளும் மரக்கறையானைப் பிடித்து, ஆசிரியரின் துணையோடு அதன் பின்குடலை உப்புக் கரைசலில் திறந்து பாருங்கள்; நல்ல தண்ணீரில் போட்டால் அவை உடனே வெடித்துவிடும்.